ஈயக்குண்டு ஏறிய நாள்

உஸ்ஸ்ஸ்... கேட்டீர்களா சார்? ஹார்ன் இல்லை. கண்டக்டர் விசிலும் இல்லை. இப்போது கதவு மூடும்போது ஒரு சத்தம் வந்ததே, அது. நல்ல கதவு என்றால் 'உஸ்' என்று வெட்டினாற்போல நின்றுவிட வேண்டும். இது இழுக்கிறது, கடைசியில் ஒரு வால் விடுகிறது. எங்கேயோ வாஷர் போயிருக்கிறது. இன்னும் பத்து நாள் தாங்கும். அப்புறம் ஒருநாள் கதவு பாதியிலே நிற்கும், எல்லாருமாகச் சேர்ந்து டிரைவரைத் திட்டுவார்கள்.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். எனக்குக் காற்றுதான் தொழில். காசிமேட்டில் மீன் பெட்டிக்கு ஐஸ் போடுகிற கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். கம்ப்ரசர் பார்க்கிறேன், இருபத்தாறு வருஷமாக. காலையில் இந்த பஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போகமாட்டேன், நேரே கோயில். கோயில் என்றால் எங்கள் சர்ச். அங்கே ஆர்கனுக்குக் காற்று அடிக்கிறேன்.

சிரிக்காதீர்கள். ஆர்கன் என்றால் கல்யாண மண்டபத்தில் வாசிக்கிற கீபோர்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது குழாய் ஆர்கன். சுவர் உயரத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் குழாய். பென்சில் அளவில் இருக்கிறது, நான் உள்ளே நுழைந்து நிற்கிற அளவிலும் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு புல்லாங்குழல் மாதிரிதான். ஆனால் ஊதுகிற வாய் ஒன்றே ஒன்று. அந்த வாய் நான்.

பின்பக்கம் ஒரு அறை. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பீரோவைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே பெரிய தோல் துருத்தி, அதை அடிக்க ஒரு மரப்பிடி. எதிர்ச் சுவரில் நூலில் கட்டின சின்ன ஈயக்குண்டு தொங்கும். துருத்தியில் காற்று நிறைந்தால் குண்டு கீழே இறங்கும், காற்று குறைந்தால் மேலே ஏறும். சாக்பீஸால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். குண்டு மேல் கோட்டைத் தாண்டினால் ஆர்கனுக்கு மூச்சு நின்றுபோகும், தாண்டவிடக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அங்கே பார்த்ததெல்லாம் இந்தக் குண்டு ஒன்றைத்தான். எந்தப் பாட்டு என்று கேட்டால் குண்டைப் பார்த்துச் சொல்வேன். ஈஸ்டர் பாட்டில் கடகடவென்று ஏறும். சாவுப் பாட்டில் அசையவே அசையாது.

படிப்பு எட்டாவது வரைக்கும்தான். மீதியெல்லாம் நானாகத் தெரிந்துகொண்டது. ஆர்கன் ரிப்பேர் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் பழைய கடையில் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் படித்தேன். துருத்தியில் கிழிசல் விழுந்தால் ஆட்டுத்தோல் வைத்து நான்தான் ஒட்டுகிறேன்.

ஆனால் ஒன்று சார். முன்பக்கம் உட்கார்ந்து ஒருநாளாவது அதைக் கேட்டது கிடையாது. உள்ளே எனக்குக் கேட்பதெல்லாம் பிடி கிறீச்சிடுவதும் என் மூச்சும்தான், பாட்டு எங்கேயோ பக்கத்துத் தெருவில் நடக்கிற மாதிரி இருக்கும். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. ஐயரிடம், அதாவது எங்கள் பாஸ்டரிடம், சொல்லியிருக்கிறேன், கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். என் மகள் சுகிர்தா இதைக் கேட்டே வளர்ந்தவள்.

சுகிர்தா ஓசூரில் மோட்டார் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். செக்கிங் வேலை. ஓடுகிற மோட்டார்மேல் கையை வைத்தே கோளாறு சொல்லிவிடுவாள். என்னிடம் கற்றுக்கொண்டதுதான். அவள் அம்மா போய் ஒன்பது வருஷம். போன வருஷம் அங்கே வீடு எடுத்துவிட்டுப் போன் பண்ணினாள்.

"அப்பா, கீழ் வீடு. ரெண்டு ரூம். உனக்குத் தனியா ஜன்னல் வெச்ச ரூமு. ஐஸ் கம்பெனிய விட்டுட்டு வந்துரு. ராத்திரில மனுஷங்க மாதிரி தூங்கு."

நான் என்ன சொல்வேன்? எனக்கும் ஆசைதான். இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி வேலை செய்கிறவனுக்குப் பகலில் தூக்கம் வருமா? கண்ணை மூடினால் கம்ப்ரசர் ஓடுகிறது. "வந்துருவேம்மா, ஆனா இங்க காத்து யாரு அடிப்பா? நான் போயிட்டா ஆர்கன் நின்னு போயிடும்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்?

"உனக்குப் பொண்ணு நானா, அந்தப் பொட்டியா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அப்புறம்தான் ஆர்கன் நாள் வந்தது. இந்த ஊரில் குழாய் ஆர்கன் இருக்கிற நாலு கோயிலைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டாட்டம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு கோயிலில் வாசிப்பது, பிறகு எல்லாரும் வேனில் ஏறி அடுத்த கோயிலுக்குப் போவது. பழைய போட்டோவெல்லாம் பெரிசு பண்ணி வைப்பது, பிள்ளைகளுக்குக் குழாயைக் கழற்றிக் காட்டி ஊதச்சொல்வது. நம்ம ஊர்ப் பாரம்பரியம் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக முன்னூறு பேர். எங்கள் கோயிலுக்கு மத்தியானம் மூன்று மணி.

வெளியூர் ஆட்கள் வருகிறார்களே, ஒருத்தன் பின்னால் நின்று கையால் அடித்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கமிட்டியில் பேசி ஒரு மோட்டார் வாங்கிவிட்டார்கள். துருத்திக்குக் காற்று ஊதுகிற பழைய விசிறிப் பெட்டி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சுத்தம் பண்ணி, மோட்டாருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பெல்ட். சுவிட்சைப் போட்டால் காற்று. நான்தான் கூட இருந்து மாட்டிக்கொடுத்தேன்.

ஆர்கன் வாசிக்கிற ஹெப்சி டீச்சர் எழுபதைத் தாண்டியவர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடல் மிதிப்பார். காற்று வேண்டுமென்றால் பலகையில் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவார், நான் அடிக்க ஆரம்பிப்பேன். மோட்டார் வந்த அன்றைக்குச் சொன்னார்: "அருமை, அன்னிக்கு எனக்குப் பதிலா வாசிக்க ஒரு கோவாக்காரர வரவெச்சிருக்காங்க, உனக்கும் மோட்டார் வந்துருச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ரிட்டயர்மென்ட்டுடா."

அருமைநாயகம் என்பது என் பேர். சொல்லவே இல்லை பாருங்கள்.

செக்ரட்டரி கிளமெண்ட் சார் என் தோளில் கை போட்டார். "நாயகம், சனிக்கிழமை நீங்க விஐபி. முன் பெஞ்சு உங்களுக்கு. பின்பக்கம் வந்தீங்க, கால ஒடிச்சிருவேன். எலெக்ட்ரீஷியன் ஒருத்தன நிக்கவெச்சிருக்கேன், அவன் பாத்துப்பான்."

அன்றைக்கே சுகிர்தாவிடம் சொன்னேன். நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன், அவள் கேட்கவில்லை. "அந்த ஒரு நாள் மோட்டார் நிக்காம ஓடிருச்சுன்னா திங்கக்கிழமை உன்கூட பஸ் ஏறிடறேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் லீவு போட்டு வியாழக்கிழமையே வந்துவிட்டாள். அட்டைப்பெட்டி நாலு வாங்கிவந்து என் துணி, பாத்திரம், அவள் அம்மா போட்டோ எல்லாம் கட்டினாள். எனக்கு வெண்ணெய் நிறத்தில் ஒரு சட்டை. ஐஸ் கம்பெனியில் கணக்கு முடிக்கச் சொல்லி லெட்டர்கூட அவளே எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்தேன். கொடுக்கவில்லை. சனிக்கிழமை முடியட்டும் என்றுதான்.

என் ஸ்டாப்பிங்கா? அது அப்போதே போய்விட்டது சார். பரவாயில்லை, கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். தினம் இப்படித்தான். வீட்டுக்குப் போனால் மட்டும் தூக்கம் வந்துவிடப் போகிறதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்டுக்குப் போகிற வழியில் கோயிலுக்குப் போய் மோட்டாரை ஒரு பார்வை பார்த்தேன். நம்பி விட்டுவிட முடியாதே. பெல்ட் விறைப்பாக இருந்தது. புது பெல்ட்டை அவ்வளவு இறுக்கக் கூடாது சார், பேரிங்குக்கு ஆகாது. ஐஸ் கம்பெனியில் எப்போதும் கொஞ்சம் தளர்த்தித்தான் விடுவோம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். ஒரு சுற்றுதான். ஒன்றரையாகக்கூட இருக்கலாம். திரும்பிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் ஒரு நட்டு உண்டு, அதை இறுக்கிவிட்டேன். மோட்டாரின் நல்லதுக்குச் செய்ததுதான். ஐந்து நிமிஷம் ஓட்டியும் பார்த்தேன், குண்டு கீழே இறங்கி அடக்கமாக நின்றது.

சனிக்கிழமை. முன் பெஞ்சு. புதுச் சட்டை. பக்கத்தில் சுகிர்தா. எங்களுக்கு நேர் எதிரே ஒரு போர்டு வைத்திருந்தார்கள். ஆர்கன் எந்தக் கப்பலில் வந்தது, யார் செய்தது, எத்தனை குழாய், மோட்டார் யார் குடும்பத்து நினைவாக என்றெல்லாம் போட்டிருந்தது. நான் முழுசாகப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கோவாக்காரர் டிமெல்லோ வந்தார். நல்ல பருமன், பையிலிருந்து மெல்லிசான ஷூ எடுத்துப் போட்டுக்கொண்டார். பெடலுக்கென்றே தைத்ததாம். ஹெப்சி டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். டிமெல்லோ குதிகாலால் தட்டவில்லை. எதற்குத் தட்ட வேண்டும்? காற்று அது பாட்டுக்கு இருக்கிறதே.

வாசிக்க ஆரம்பித்தார். சார், இருபத்திரண்டு வருஷம் கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இருந்தவன் நான். என்ன கேட்டேன் தெரியுமா? ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் அந்த ஈயக்குண்டுதான். இப்போது ஏறும், இப்போது இறங்கும். பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது, குண்டு அசையக்கூட இல்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. என் வலது கை மடியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சுகிர்தா அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"கைய சும்மா வெய்யிப்பா."

"சும்மாதான் இருக்கு."

"பாட்டக் கேளு. உனக்காகத்தான் வந்துருக்கேன்."

மூன்று பாட்டு முடிந்தது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. சுகிர்தா என் காதருகே, "இன்னும் ஒண்ணுதாம்ப்பா, முடிஞ்சிரும்" என்றாள். சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் நான் அவளிடம் அப்படித்தான் சொல்வேன்.

கடைசிப் பாட்டு பெரிசு. டிமெல்லோ எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார். பெஞ்சு அதிர்கிறது, காலடியில் கல் அதிர்கிறது. குண்டு ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த முன்னூறு பேரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் 'கீய்ங்' என்று ஒரு கீச்சு, ரப்பர் கருகுகிற வாசனை. பெல்ட் வழுக்குகிறது. கனமான பாட்டுக்குக் காற்று நிறைய வேண்டும், பாரம் தாங்காமல் வழுக்குகிறது. சுரமெல்லாம் தொய்ந்துபோய், ஒரு பெரிய மாடு முட்டி போட்டுப் படுக்கிற மாதிரி ஆர்கன் படுத்துவிட்டது.

டிமெல்லோ கையை எடுத்துவிட்டார். கோயில் முழுக்க முணுமுணுப்பு.

நான் எழுந்தேன். நான் எங்கே எழுந்தேன், கால் எழுந்தது. சுகிர்தா என் சட்டையைப் பிடித்தாள்.

"எலெக்ட்ரீஷியன் இருக்காருப்பா. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவாரு. நீ உக்காரு."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"அப்பா. உக்காரு."

உட்கார முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அந்தப் பையன் போல்ட்டைத் தேடுவதற்குள் ஜனம் கலைந்துவிடும். கோயில் பேர் என்ன ஆவது? அவள் கையை விலக்கிவிட்டு ஓடினேன். கிளமெண்ட் சார் வழியில் நின்றார், காலையெல்லாம் ஒடிக்கவில்லை, "சீக்கிரம் நாயகம், சீக்கிரம்" என்று வழிவிட்டார். எலெக்ட்ரீஷியன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்திருந்தான். "தள்ளுப்பா" என்றேன். மோட்டாரை அணைத்தேன். புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பிடியைப் பிடித்தேன்.

அடித்தேன் சார். பத்து அடியில் குண்டு கீழ்க்கோட்டுக்கு வந்தது. டிமெல்லோ பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். எல்லாக் குழாயும் திறந்திருக்கிறது, ஒருத்தன் கையால் அதற்குக் காற்று கொடுப்பதென்றால் விளையாட்டில்லை. அன்றைக்கு அடித்த மாதிரி நான் என்றைக்கும் அடித்ததில்லை. குண்டு ஒரு தடவைகூட மேல் கோட்டைத் தாண்டவில்லை.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். மரப்பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டால் அது மழை மாதிரி இருக்கும். டிமெல்லோ இங்கிலீஷில் என்னவோ கேட்டிருக்கிறார், அந்தக் காற்றை முன்னால் கொண்டு வாருங்கள் என்று. கிளமெண்ட் சார் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். சட்டையைப் பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன். தலையெல்லாம் ஒட்டடை. டிமெல்லோ என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். முன்னூறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பாரம்பரியம் என்றால் இதுதான் என்று மைக்கில் ஒருத்தர் சொன்னார். என்னைப் போட்டோ எடுத்தார்கள்.

எனக்கு இந்தக் கைதட்டலெல்லாம் பிடிக்காது. சுபாவத்திலேயே கிடையாது. எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று கேட்டால் ஒரு நாற்பத்தைந்து செகண்டு இருக்கும்.

சுகிர்தா பார்க்கிறாளா என்று முன் பெஞ்சைப் பார்த்தேன். அவள் பை மட்டும் இருந்தது.

எல்லாரும் டீக்குப் போனபிறகு பின்பக்கம் போனேன். மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். எலெக்ட்ரீஷியனிடம் ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டு அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டாள். பெல்ட்மேல் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். அவள் கம்பெனியில் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"லூசா இருக்குப்பா."

"புது பெல்ட்டுன்னா இழுக்கும்மா. ஓட ஓடத் தளரத்தான் செய்யும்."

"பெல்ட்டு தளரும். போல்ட்டு எப்பிடிப்பா தளரும்?"

"அதிர்வுல."

"மேல நட்டு டைட்டா இருக்கே."

"வோல்டேஜும் சரியில்ல அன்னிக்கு" என்றேன். அன்னிக்கு என்று ஏன் சொன்னேன் தெரியவில்லை, இன்றைக்குத்தானே நடந்தது.

அவள் மேல் நட்டைக் கழற்றினாள். போல்ட்டை இறுக்க ஆரம்பித்தாள். வாய்க்குள்ளேயே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு பாதி. பிறகு நட்டை வைத்து முடுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். குண்டு இறங்கி நின்றது. கோயிலுக்குள்ளே போய், உட்காராமல் நின்றபடியே இரண்டு கையையும் விரித்து ஆர்கனில் அகப்பட்ட கட்டையையெல்லாம் அமுக்கினாள். கோயிலே அலறியது. பெல்ட் வழுக்கவில்லை. குண்டு அசையவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை சார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ராத்திரி சாப்பாடு போட்டாள். மறுநாள் ஆராதனைக்கு வந்தாள். திங்கட்கிழமை நாலு அட்டைப்பெட்டியையும் பிரித்து என் துணியை அலமாரியிலும் பாத்திரத்தை அலமாரிக்கு மேலேயும் அடுக்கினாள். அவள் அம்மா போட்டோவை மட்டும், "இத நான் கொண்டு போறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"அந்த ரூமு அப்பிடியேதான் இருக்கும். தோணும்போது வா. ஆனா மோட்டாரக் காரணம் சொல்லாத."

"நான் எங்கம்மா காரணம் சொன்னேன்? நின்னுதா இல்லியா? நீயே பாத்தியே."

அவள் என் சட்டையைப் பார்த்தாள், அன்றைக்கும் பட்டனை மாற்றித்தான் போட்டிருந்தேன். கையை வெளியே நீட்டி, மேல் பட்டனைக் கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டுவிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

நீங்களே சொல்லுங்கள். நான் வாக்குத் தவறினவனா? நிற்காமல் ஓடினால் வருகிறேன் என்றேன். நின்றது. அவ்வளவுதானே.

அது ஆயிற்று ஏழு மாசம். அவள் இறுக்கின பிறகு மோட்டார் ஒருதரம்கூட மக்கர் பண்ணவில்லை. சனிக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, தூங்கினியா என்பாள். பெல்ட் எப்படியிருக்கிறது என்று கேட்கமாட்டாள். நானாகத்தான் சொல்வேன், இப்போதைக்கு ஓடுகிறது, நம்ப முடியாது என்று. "சரிப்பா" என்பாள். ஐஸ் கம்பெனி லெட்டர் இன்னும் இந்தப் பையில்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. வேறு எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஹெப்சி டீச்சர் வருவதற்கு அரைமணி முன்னால். துருத்தியில் ஓரமாக ஒரு இடத்தில் தோல் விட்டிருந்தது, பசை தடவி ஒட்டினேன். சாக்பீஸ் கோடு மங்கியிருந்தது, திரும்பப் போட்டேன். மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எதற்கு அதை வீணாக ஓடவிட வேண்டும், தேய்ந்துபோகும். சுவிட்சை அணைத்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பிடியைக் கீழே அழுத்தினேன்.